சுவரோடு ஒட்டிய கதவு

— கதவைச் சாத்துடி கண்ணு. போறவ வர்றவ எல்லாம் எட்டிப் பாக்குறா.

— வேணாம்மா, தொறந்தே இருக்கட்டும். இங்க அப்படித்தான். நீ மெதுவாப் பேசு.

— ரூமை இந்த லட்சணத்துல வச்சுக்கிட்டுத் தொறந்து வேற போடுவாங்களா? கட்டில் மேல ஒயரு, கட்டிலுக்குக் கீழயும் ஒயரு. நீ எங்கதான் படுக்கிறே, நடுவுல தொங்கிக்கிட்டா?

— இது சும்மா ஹாஸ்டல் இல்லம்மா. புதுசா ஏதாவது கண்டுபிடிச்சுத் தொழில் தொடங்கப்போறவங்களுக்குன்னே காலேஜ்ல ஒதுக்கின கட்டடம். இந்த மாடியில பன்னெண்டு ரூம், பன்னெண்டு கம்பெனி.

— கம்பெனி மொதலாளியம்மா தலையை வாரிக்கலாம். இந்தா, நீ கண்டுபிடிச்ச மாத்திரை டப்பாவுக்குக் கேட்டியே, உறை. நாப்பது இருக்கு. ஓரத்துக்கு ரெட்டைத் தையல், இழுத்தாலும் பிரியாது.

— கூரியர்ல அனுப்பியிருக்கலாம்ல? இதுக்காக இவ்ளோ தூரம் பஸ் ஏறி...

— சாயங்காலம் உன் டப்பாவை ஊரே வந்து பாக்கப்போகுதுன்னு நீதானே சொன்னே. நான் மட்டும் பாக்க வேணாமா? என்ன முழிக்கிறே?

— நீ ரூம்லயே இரும்மா. கீழ ஒரே கூட்டம். உனக்குத் தலை சுத்தும்.

— மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டாச்சு. உன் டப்பாதான் எட்டு மணியானா கோழி மாதிரிக் கத்துதே. தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேக்குது. பக்கத்து வீட்டுக்காரியே அதைக் கேட்டுத்தான் அவ மாத்திரையைப் போட்டுக்கிறா.

— அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— இங்க இடம் கெடைக்கணும்னா, இதை ஏன் செய்யறோம்னு ஒரு கதை சொல்லணும். நான் உள்ளதைத்தான் சொன்னேன். அம்மா மாத்திரை போட மறந்து கடையில மயங்கி விழுந்தாங்க, மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்கன்னு.

— நாலு நாள்.

— ஆளைத் தேர்ந்தெடுக்கிற சார் கேட்டுட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசுல ஒட்டலையேன்னார். அப்புறம் என்னாச்சுன்னு கேட்டார்.

— அப்புறம் என்ன? வீட்டுக்கு வந்து, பாதியில நின்ன சட்டையைத் தச்சு முடிச்சேன்.

— நான் அப்படிச் சொல்லலைம்மா. நீ வீட்டுக்கு வரவே இல்லைன்னு சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சும்மா. ஒரு மேடம் கண்ணைத் தொடச்சாங்க. அப்பவே, இல்ல சார், பொய்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. அடுத்த வாரம் ரூம் சாவியைக் கையில குடுத்தாங்க.

— ம்.

— அன்னைலேர்ந்து உன்கூடப் போன் பேசணும்னா மொட்டை மாடிக்குப் போயிடுவேன். நான் அம்மான்னு கூப்பிடுறது யாருக்கும் கேட்டுடக் கூடாதுல்ல.

— காத்து எரைச்சலாக் கேக்குதேன்னு நெனைச்சிருக்கேன்.

— இங்க ஒவ்வொரு கதவுக்கும் வெளிப்பக்கம் அந்த ரூமோட கதையை ஒட்டுவாங்க. என் கதவுல உன் போட்டோ. சுத்திக் கறுப்புக் கட்டம். நீ பாத்துடக் கூடாதுன்னுதான் காலையிலேர்ந்து கதவைச் சுவரோட சுவரா ஒட்டி வச்சிருக்கேன். திட்டும்மா. ஏதாவது சொல்லேன்.

— உங்க மாமா கல்யாணத்துல எடுத்த போட்டோதானே? நீலச் சேலை.

— ஆமா... உனக்கு எப்படித் தெரியும்?

— போன மாசம் உன் பொறந்தநாளுக்குச் சொல்லாம வந்தேன். நீ கிளாஸுக்குப் போயிருந்தே. கதவு சாத்தியிருந்துச்சு.

— அம்மா...

— ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கே அழுகை வந்துடுச்சு.

— இன்னைக்கு எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடறேம்மா.

— சொன்னா இந்த ரூம் இருக்குமா?

— இருக்காது.

— டப்பா?

— அதுவும் அதோட நின்னுடும். நின்னா நிக்கட்டும். நீ மட்டும் வந்து என் பக்கத்துல நில்லு. நிப்பியா?

— திரும்பு, தலையை வாரி விடறேன்.

— நிப்பியாம்மா?

— கீழ கேட்ல ஒரு நோட்டு வச்சிருக்காங்கல்ல, யாரைப் பாக்க வந்தீங்க, என்ன உறவுன்னு? போன மாசம் திரும்பிப் போறப்ப, அம்மான்னு எழுதியிருந்ததை அடிச்சுட்டுச் சித்தின்னு மாத்தினேன். இன்னைக்கு அடிக்கிற வேலையே இல்லை, வந்தவுடனேயே சித்தின்னு எழுதிட்டேன்.