தனித் தட்டு வைத்த தவறு

அவைக்கும் எங்கள் ஆரவாரத்துக்கும் ஒருசேரத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே! வண்டியை ஓட்டி ஓட்டியே வாழ்க்கையையும் ஓட்டிக் கரைசேர்த்த மூத்த ஓட்டுநர்களே! காலையில் அடுப்பையும் ஆளாளுக்கு ஒரு பசியையும் அடக்கிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்த அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் பற்றும் என்றே தெரியாமல் வந்திருக்கும் தந்தைமார்களே! சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். பணிமனைக் குடும்பத்தின் பிள்ளைகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. ஒலிபெருக்கி ஓரிடத்தில் நிற்கிறது. என்னால் நிற்க முடியாது. பதினெட்டு ஆண்டுகளாக ஓடும் பேருந்துக்குள் முன்னும் பின்னும் நடந்தபடியே பேசிய நடத்துநர் நான். நின்றால் நாக்கும் நின்றுவிடும். ஆகவே நடக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எளிய சமையல், இனிய குடும்பம்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். இனிமையைப் பிறகு பார்ப்போம். நான் என் தவறிலிருந்து தொடங்குகிறேன்.

என் கணவர் வெல்டர். மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் இருக்கிறாரே, அவரேதான். பயப்படாதீர்கள், அனுமதி வாங்கிவிட்டுத்தான் பேசுகிறேன். உயரமான கட்டடங்களின் இரும்புச் சட்டங்களில் நின்று பற்றவைக்கும் வேலை. சென்ற ஆண்டு அவர்களுடைய வேலையிடத்தில் எல்லோருக்கும் மருத்துவச் சோதனை நடந்தது. இவருக்கு இரத்த அழுத்தம் எக்கச்சக்கம். "மூணு மாசம் கீழயே வேலை பாருங்க. அழுத்தம் குறைஞ்சாத்தான் மேல ஏறலாம். உப்பக் குறைங்க, பொரிச்சதத் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார் மருத்துவர்.

நான் சும்மா இருப்பேனா? அன்றே ஒரு சின்னப் பாத்திரம் வாங்கினேன். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனித் தட்டு, தனி டப்பா! காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்தேன். அவருக்கு உப்பில்லாமல் வெந்த காய். எங்களுக்கு வழக்கம்போல எண்ணெயில் மிதந்தவை, பொட்டலம் பிரித்துக் கொட்டியவை. இரண்டு சமையல் செய்கிறேன் என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பணிமனையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்களும் "உன்ன மாதிரி வருமா!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தினமும் மாலையில் அவருடைய டப்பா பளபளவென்று கழுவித் துடைத்து வந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. அடடா, என் கைப்பக்குவம்!

இரண்டாவது மாதம் ஒருநாள், நடுப்பகல். வண்டியில் நிற்க இடமில்லை. கைப்பேசி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்தேன். அவருடைய மேற்பார்வையாளர். "அம்மா, பதறாதீங்க" என்றார். பதறாதீங்க என்று எவராவது சொன்னால் பதறாமல் இருந்த பெண் இந்த அவையில் உண்டா? "வாசல் பக்கம் மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

ஓட்டுநர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டினார். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். டிக்கெட் கருவியைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு ஓடினேன். மருத்துவமனையின் நீண்ட நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்காருங்கள் என்று நர்ஸ் மூன்று முறை சொன்னார். எப்படி உட்காருவது? தரையில் நின்றபோது மயங்கியதால் பிழைத்தார். உயரத்தில் நின்றிருந்தால்? உயரத்தில் நின்றிருந்தால்? அந்த ஒரு கேள்வியோடு எத்தனை முறை நடந்தேனோ, எனக்கே தெரியாது.

மருத்துவர் வந்து என்னை இவருடைய கட்டிலருகே அழைத்தார். "அழுத்தம் முன்னவிட ஏறியிருக்கு. வீட்டுச் சாப்பாடுதானா?"

"ஆமா டாக்டர்! உப்பே போடறதில்ல. தனியா சமைச்சுத் தரேன்" என்றேன்.

மருத்துவர் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் மேற்கூரையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் பதினைந்து வயது மகள் போட்டு உடைத்தாள். "அம்மா, லீவு நாள்ல அந்தப் பக்கம் போனப்ப நானே பாத்தேன். அப்பா டப்பாவ அவர் வேலை செய்யற இடத்து கேட் பக்கத்து நாய்க்குக் கொட்டிட்டு, கடையில பொரிச்சது வாங்கிச் சாப்பிடறாரு."

அந்த நாய் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது!

நான் கத்தினேன். அன்று நான் கத்தியது கீழ்வீட்டுக்காரருக்கும் மேல்வீட்டுக்காரருக்கும் ஒருசேரக் கேட்டது. "என்ன மனுஷங்க நீங்க? நான் யாருக்காக விடியறதுக்கு முன்னாடி எழுந்து சாகறேன்? உப்பு இல்லாம ஒரு மூணு மாசம் இருக்க முடியாதா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "உப்பு மட்டும்தான் இல்லைன்னா ஒரு வாரத்துல பழகியிருப்பேன். நீங்க மூணு பேரும் ஒண்ணா சாப்பிடறீங்க. என் தட்டு மட்டும் தள்ளி இருக்கு. நோயாளின்னு எழுதி ஒட்டல, அவ்வளவுதான். கடையில நின்னு திங்கும்போதாவது நாலு பேர்ல நானும் ஒருத்தனா இருந்தேன்."

அன்பர்களே! அந்தச் சின்னப் பாத்திரத்தை எடுத்துப் பரண்மேல் எறிந்தேன். "இனிமே இந்த வீட்டுல ஒரே சமையல். அவருக்கு என்னவோ அதுதான் எல்லாருக்கும்!" என்று அறிவித்தேன்.

அடுத்த நாள் நால்வரும் ஒன்றாக அமர்ந்தோம். அதே வெந்த காய், நான்கு தட்டுகளில். பத்து வயது மகன் ஒரு வாய் வைத்தான். "அம்மா, இது சாப்பாடா தண்டனையா?" மகள் தட்டைத் தள்ளினாள். இருவரையும் முறைத்துவிட்டு நான் ஒரு கவளம் வாயில் போட்டேன்.

விழுங்க முடியவில்லை.

தாய்மார்களே! ஏறக்குறைய இரண்டு மாதம் அதைச் சமைத்தவள் நான். பிசைந்து பிசைந்து பார்த்தவள் நான். ஒருநாளாவது ருசி பார்த்தேனா? நோயாளிக்குத்தானே என்று விட்டேன். அந்தச் சாப்பாட்டில் உப்பு மட்டுமா இல்லை? அக்கறை இருந்தது, அளவு இருந்தது, அவசரம் இருந்தது. ருசி? அதை நினைத்தேனா நான்? நாய் கூடப் பசிக்காகத்தான் தின்றிருக்கும்!

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். நெருப்போடு பழகியவர் அல்லவா? பூண்டை வாட்டினார், தக்காளியைத் தோல் கருகச் சுட்டார். மகள் மிளகைப் பொடித்தாள். மகன் எலுமிச்சையைப் பிழிந்தான், பாதி தட்டில், பாதி என் கண்ணில். அதே காயில் அவற்றைக் கலந்து மறுபடி உட்கார்ந்தோம். பிரமாதம் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்ல மேடை ஏறவில்லை. ஆனால் நான்கு தட்டும் காலியானது.

அதன்பின் எல்லாம் சீராகப் போனதா? இல்லை ஐயா, இல்லை! மூன்று நாள் தொடர்ந்து பூசணி வைத்ததற்கு மகன் பேச்சை நிறுத்தினான். பயறு வேகாமல் நால்வரும் பல்லைக் கடித்த நாளும் உண்டு. இன்னமும் ஒருவருக்குக் கீரை ஆகாது, ஒருவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. ஆனால் பயறு, காய், முட்டை, ஒரு பழம் என்று அரை மணிக்குள் முடிகிற சமையலைச் சண்டை போட்டுச் சண்டை போட்டே கண்டுபிடித்தோம். அன்று தட்டைத் தள்ளியவர்கள் இன்று போட்டி போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

மருந்தும் தொடர்ந்தது. மூன்று மாதத்தில் இறங்க வேண்டிய அழுத்தம் ஆறு மாதத்தில் இறங்கியது. அதற்குள் உயரத்து வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். இவர் இப்போது கீழேதான் பற்றவைக்கிறார். அதில் அவருக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. எனக்கு? கைப்பேசி அடித்தால் இன்றைக்கும் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடுகிறது.

அந்தப் படபடப்போடுதான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாருடைய தட்டு தள்ளி இருக்கிறது? சர்க்கரை என்று ஒதுக்கியவரா? பல் போனவர் என்று ஒதுக்கியவரா? வேலை முடிந்து வந்து ஆறியதை அள்ளிப் போட்டுக்கொள்ளும் உங்களையே நீங்கள் ஒதுக்கியிருக்கிறீர்களா? அவருக்கு நல்லது என்றால் அது நமக்கும் நல்லதுதானே! நாம் ஒருவாய் விழுங்க முடியாததை அவர்மட்டும் ஏன் விழுங்க வேண்டும்? சமைப்பவர் சுவைக்கட்டும்! சுவைத்ததை எல்லோரும் பகிரட்டும்! பத்தியம் என்று ஒருவரைப் பந்தியிலிருந்து எழுப்பாதீர்கள். பந்தியையே பத்தியத்துக்குப் பழக்குங்கள்! இன்றே பழக்குங்கள். நாளை என்று தள்ளினால், அந்தத் தொலைபேசி அழைப்பு உங்களுக்கும் வரும்.

நடந்து நடந்து பேசியவளை நகராமல் கேட்ட உங்களுக்கும், நேரம் முடிந்தும் மணியடிக்காத தலைவருக்கும், குடும்பக் கதையைக் கூட்டத்தில் வைக்கச் சம்மதித்த மூன்றாம் வரிசைக்காரருக்கும் என் நன்றி. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். எல்லோரையும் அழைத்து உட்காருங்கள். வயிறும் மனமும் நிறைய வாழுங்கள். வணக்கம்!