இருமல் நிற்கும் வரை

தேவதானப்பட்டியிலிருந்து தேனிக்குப் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் முகக்கவசம் போட்ட இளைஞர் ஒருவர், பக்கத்தில் இருந்த ஊர்க்காரரிடம் சொன்னார்:

“எம் மகள சன்னல் வழியாத்தாண்ணே பாக்குறேன்.”

“ஏம்ப்பா, வீட்ல சண்டையா?”

“இல்லண்ணே, எனக்குச் சளி, இருமல். மாட்டுக்கொட்டத்துல படுத்துக்கிறேன்.”

“சளிக்குப் போயி இம்புட்டா?”

“போன மழைக்கு மூத்தவனுக்கு என்கிட்ட இருந்துதான் ஒட்டுச்சு. மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில கெடந்தான். இவ பொறந்து ஒரு மாசந்தான், பச்சப்புள்ள தாங்காதுன்னு டாக்டரம்மா சொன்னாக. இருமல் நிக்கிறவரைக்கும் தூக்கமாட்டேன்.”

“தூக்கணும்னு ஆசையா இருக்காதா?”



பெரியகுளத்தில் ஏறிய பெண் கைக்குழந்தையோடு அந்த இளைஞருக்கு எதிரில் உட்கார்ந்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் எழுந்து பின்படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.