மூன்று டிவிஷன், ஒரே பதில்

சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து மம்பாவ் ஊருக்குத் திரும்பும் பேக்டரி பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்: “எங்கப்பா மூணு தடவ செத்தாரு, அக்கா.”

“என்னா சொல்ற?”

“எஸ்டேட்ட விட்டு வந்தும், அங்க இருந்த மூணு டிவிஷன் ஆளுங்களுக்கும் ஆன்லைன்ல தனித்தனி குரூப்பு, தனித்தனி சர்வரு. ஒன்னுல போட்டா இன்னொன்னுல தெரியாது. சாவு சேதிய மூணுலயும் போட்டு, பெட்டி தூக்க ஆள் வேணும்னு கேட்டேன்.”

“வந்தாங்களா?”

“பக்கத்து வீட்டு சீனரும் வேன் டிரைவரும்தான் தம்பிக்குக் கை குடுத்தாங்க.”

“அடப்பாவமே.”

“நேத்து குரூப்ப நடத்துறவங்க மூணு குரூப்பு பேச்சையும் ஒரே எடத்துல சேத்துட்டாங்க. படிச்சுப் பாத்தா எல்லாத்துலயும் ஒரே பதிலு. ‘மத்த டிவிஷன்காரங்க போவாங்க லா.’”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உங்க பதிலும் இருந்துச்சு, அக்கா,” என்றாள் இவள், கோபமே இல்லாமல்.