சம்பளத்தைக் குறைக்கச் சொல்லப் போனவர்

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதுவது பாவமாயிற்றே என்று பல வருஷம் தயங்கினேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், இனியும் மனசு கேட்கவில்லை.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ். முன் சீட்டில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர். பக்கத்தில் அவர் சம்சாரத்தின் தம்பி.

“மொதலாளிகிட்ட என் சம்பளத்த கொறச்சிக்கச் சொல்லப் போறேன் மச்சான்” என்றார் அவர்.

“ஒடம்பு சரியில்லையா மாமா?”

“இல்லன்னா வேல போயிடும்டா. கெமிக்கல் கலக்கறதுக்கு, வடக்கேருந்து வந்தவுங்க பாதி சம்பளத்துக்கு நிக்கிறாங்க. எனக்கு ஜாஸ்தியாம்.”

“புது மெஷின் வந்திருக்குன்னியே, அதுக்கு மாறிக்க வேண்டியதுதான?”

“அதுக்கு எனக்குப் படிப்பு பத்தலையாம்.”

“கீழ் வேலைக்கு நீ காஸ்ட்லி, மேல் வேலைக்கு நீ மட்டம். இப்பிடி நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிற நம்ம நாட்டையே ஒன்ன பாத்துதான் செஞ்சிருக்காங்க மாமா.”

“ட்ரெய்னிங்குக்கு மொதலாளி மருமகன் வெளிநாடு போய்ட்டு வந்தாரு.”

“வந்து கத்துக் குடுத்தாரா?”

“சாக்லேட் குடுத்தாரு.”

“மெஷினு?”

“கவர் போட்டு மூடி வெச்சிருக்கு. ஆயுத பூஜைக்கு மாலை போடுவோம்.”

“நான் கத்துக்கறேன்னு நீ கேக்கலையா?”

“ரெண்டு தடவ கேட்டேன். நான் கத்துக்கிட்டா அப்புறம் மருமகன எங்க ஒக்கார வெக்கிறது?”

மச்சான் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. கம்பெனி இருக்கும் செம்மங்குப்பம் வந்ததும் இறங்க எழுந்தார்.

“அக்காகிட்ட என்ன சொல்லுவ மாமா?”

“வேல நிரந்தரமாயிடுச்சின்னு சொல்லுவேன்.”

அன்று அஸர் தொழுகையில் அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடியே. முதலாளியிடம் அவர் தைரியமாகப் பேசினார் என்று மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள்.