மூன்று முகமும் ஒரே பக்கம்

"…அதுக்காக நாயைக் குத்தம் சொல்றது நியாயமாம்மா? நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளே இல்ல. ஆனா எங்க மச்சான் அதை வளர்த்து வச்சிருக்கிற லட்சணத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க…"

நீங்களே சொல்லுங்கள் என்றாரே தவிர, சொல்வதற்குப் போட்டோக்காரர் இடம் விடவில்லை. பிராணிகள் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் அவருக்கு எதிரே ஒரு பெண்மணி, மடியில் பிளாஸ்டிக் தொட்டியும் தொட்டியில் ஓர் ஆமையுமாக உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அவரும் வாய் திறக்கவில்லை. ஆமையும் தலை நீட்டவில்லை. பேச்சுக்கு இதைவிட நல்ல சபை போட்டோக்காரருக்கு வாய்த்ததில்லை.

மூடிய கதவுக்கு அப்பால், மருத்துவரின் மேசைமீது, துண்டில் சுற்றப்பட்டுக் கிடந்தது மிளகாய். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பச்சை நிற லவ் பேர்ட். நிறத்துக்காகப் பாதியும் கடிக்காகப் பாதியுமாக அந்தப் பெயரை வைத்தவள் போட்டோக்காரரின் ஒரே மகள். கண் திறக்காத குஞ்சாக வந்ததை ஊசிக்குழாயால் ஊட்டி ஊட்டி ஆளாக்கியவள். அலுவலக வேலையாக வெளியூர் கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்: "அப்பா, பூனையோ நாயோ இருக்கிற எடத்துல கூண்டத் தெறக்காதீங்க." இன்று மாலை வண்டியில் அவள் திரும்புகிறாள்.

கதவைத் திறந்து பறவையை வாங்கிக்கொண்ட மருத்துவரிடம், ஜன்னல் கண்ணாடியில் மோதிவிட்டது என்று போட்டோக்காரர் சொல்லியிருந்தார். அதற்குக் காரணம் உண்டு. அந்த மருத்துவர் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி; போட்டோக்காரரை அப்பா என்றே கூப்பிடுபவர். இங்கே வாயிலிருந்து விழுவது, போட்டோக்காரர் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே மகளின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆமைக்காரம்மாவை அவர் இனிமேல் பார்க்கப்போவதில்லை. ஆகையால் கண்ணாடிக் கதை அவருக்குத் தேவையில்லை.

பேச்சினிடையே ஒருமுறை எழுந்து, தம் தலைக்கு மேலே சட்டமிட்டு மாட்டியிருந்த அறிவிப்பைப் போட்டோக்காரர் நேராக்கினார். சாய்ந்த சட்டத்தின் கீழ் உட்கார்ந்தால் அவருக்குக் கழுத்தில் பிடித்துக்கொள்ளும். சட்டம் மலிவு, கண்ணாடி ஒரே தூசு, ஓரம் சரியாக ஒட்டவில்லை என்று மூன்று குறைகள் சொல்லிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி மறுபடி உட்கார்ந்தார்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் எதிர்க்கடைக்காரன்தான் என்பது அவருடைய முடிவு. அவனும் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு வாளிக்குள் இரட்டைக் குழந்தைகளை உட்காரவைத்துப் படமெடுத்து வாசலில் மாட்டினான். அன்றிலிருந்து தெருவே அங்கேதான் நிற்கிறது. அதை அடிக்க வேண்டுமானால் நாய், பூனை, பறவை மூன்றும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டாமா? நாய்க்கு மச்சான் வீட்டில் சொல்லிவைத்தார். பூனைக்கு அலைய வேண்டியதில்லை. ஸ்டூடியோவிலேயே தின்று தூங்கிக் கொழுத்த மகாராணி ஒன்று இருந்தது. பறவையும் கைவசம் இருந்தது. கூண்டைத் திறந்தார்.

"பொண்ணு சொன்னா, சொல்லலன்னு நான் சொல்லல. ஆனா பாருங்க, அவ சொன்னது வீட்டுக்கு. இது ஸ்டூடியோ. நானும் பக்கத்துலயே நிக்கிறேன்… மகாராணி பன்னெண்டு வருஷமா ஒரு எலியக் கூடத் தொட்டதில்லம்மா. சாது. எனக்குத் தெரியாதா?"

நாய் படுத்தது. அதன் தலையில் மிளகாய் உட்கார்ந்தது. பக்கத்து முக்காலியில் மகாராணி. எல்லாம் அமைந்தும் ஒரு குறை. நாய் கதவைப் பார்த்தது, பூனை விட்டத்தைப் பார்த்தது, பறவை நாயின் காதைப் பார்த்தது. மூன்று முகமும் ஒரே பக்கம் திரும்பாமல் படம் எங்கிருந்து வரும்?

அதற்குப் போட்டோக்காரரிடம் வழியிருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பர் வாத்தை எடுத்துக் காட்டினார். அமுக்கினால் கீச்சென்று கத்தும். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையும் அந்தச் சத்தத்துக்குக் கேமராவைப் பார்த்துவிடும்; இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அமுக்கியும் காட்டினார். அறையின் மூலையில் கட்டியிருந்த நாய்க்குட்டி துள்ளி எழுந்தது. யாரோ ஒருவருடைய கூடைக்குள் ஏதோ புரண்டது. ஆமைகூட அரை விரற்கடை தலையை நீட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டது. பார்த்தீர்களா என்றார் போட்டோக்காரர் பெருமையாக.

"நேத்து சாயங்காலம் அதேதான் பண்ணேன். ஒரே ஒரு அமுக்கு. இந்த மச்சான் நாய் இருக்கே, வெடுக்குன்னு தலையத் தூக்கிடுச்சு. தூக்கலாமா? தலையில ஒரு ஜீவன் இருக்கேன்னு நெனப்பு வேண்டாமா? மிளகா பொத்துன்னு மகாராணி மூஞ்சிக்கு நேரா விழுது. அதுக்குக் கீச்சுன்னு சத்தம் கேக்குது, முன்னாடி எதுவோ துடிக்குது… அது வாயத் தெறந்துடுச்சு. நான் ஒரு அதட்டுதான் போட்டேன், உடனே விட்டுடுச்சு. ரத்தமே இல்லம்மா. ஒரு எறகு உதுந்துச்சு, அவ்வளவுதான். இன்னைக்குக் காலையிலேர்ந்து கொஞ்சம் சோர்ந்து உக்காந்திருந்துச்சு, மத்தியானம் தலையத் தொங்கப் போட்டுடுச்சு. அதிர்ச்சியா இருக்கும்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் படம் வந்துவிட்டது என்றார். கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி ஆமைக்காரம்மாவின் கையில் கொடுத்தார். சின்னத் திரையில் மகாராணியின் மீசை முடி ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிந்தது. வாய்க்குள் பாதிப் பச்சை. போக்கஸ் அப்படியொரு கூர்மை.

அந்தப் பெண்மணி படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, போட்டோக்காரரின் தலைக்கு மேலே பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். ஆமைத் தொட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு, கேமராவும் கையுமாக எழுந்து மருத்துவரின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பாருங்க சார், முறைன்னு ஒண்ணு கெடையாதா?" என்று போட்டோக்காரர் அடுத்த நாற்காலிக்காரரிடம் திரும்பினார். "உள்ள என் பறவை இருக்கு, இந்தம்மா பாட்டுக்கு… அதுவும் என் கேமராவோட."

கதவு திறந்தது. மருத்துவர் நின்றார். கேமரா அவர் கையில் இருந்தது.

"அப்பா, கண்ணாடியில மோதிடுச்சுன்னு சொன்னீங்க. இந்தக் கண்ணாடிக்கு மீசை இருக்கே."

போட்டோக்காரர் எழுந்தார். அது வந்தும்மா என்று தொடங்கி, மச்சானுக்குப் போய், நாய்க்கு வந்து, எதிர்க்கடை வாளியை எட்டுவதற்குள் மருத்துவர் கையை உயர்த்தினார்.

"பல் பட்டுதா, படலையா? அத மட்டும் சொல்லுங்க. மருந்தே வேற."

அறை முழுவதும் அவரைப் பார்த்தது. மூலையிலிருந்த நாய்க்குட்டி உட்பட எல்லா முகமும் ஒரே பக்கம்.

"பட்டுது," என்றார்.

காலையிலிருந்து அவர் பேசியவற்றுள் மிகக் குறுகிய பேச்சு அதுதான். கதவு சாத்தப்பட்டது. உள்ளே மேசை இழுப்பறை திறக்கும் ஓசையும் ஊசியின் உறை பிரிபடும் ஓசையும் கேட்டன. அவர் நின்றுகொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்து ஒரு மெல்லிய கிறீச்சொலி. அதைத் தொடர்ந்து, கடிபட்ட மருத்துவரின் "ஸ்ஸ்".

ஆமைக்காரம்மா வெளியே வந்தார். கேமராவைப் போட்டோக்காரர் கையில் வைத்தார். மிளகாய் கடிக்கிறது, இனிப் பிழைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லச் சொன்னதாகச் சொன்னார். பின் தம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அறையின் கடைசி நாற்காலிக்குப் போய்விட்டார்.

போட்டோக்காரர் மெல்லத் திரும்பி, தாம் நேராக்கிய சட்டத்தை முதன்முறையாகப் படித்தார். பூனை வாய் வைத்த பறவைக்குக் காயம் தெரியாவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. பூனையின் எச்சில் பறவைக்கு நஞ்சு. மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. சட்டம் இம்மியும் சாயவில்லை.

கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். பிறகு அடுத்த நாற்காலிக்காரரிடம் குனிந்தார்.

"நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளே இல்ல சார். ஆனா இவ்வளவு தூசியோட மாட்டி வச்சா ஒரு மனுஷன் எப்படிப் படிப்பான்? இதே தொடச்சு வச்சிருந்தா… இந்த விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க…"