எல்லோரும் கத்த வேண்டிய இடம்

டாம்பரினைக் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் முதலில் வெறிபிடித்த மாதிரி ஆட்டத்தான் செய்வார்கள். உங்கள் அப்பா அப்படியில்லை, நாகிசா. தொடைமேல் வைத்துக்கொண்டு, தட்ட வேண்டிய இடத்தில் மட்டும் தட்டுவார். நல்ல கை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது பேட்டரியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

எங்கள் வியாழக்கிழமைக் கோஷ்டியில் ஐந்து பேர். மதியம் ஒரு மணிக்கு நுமாஸு ஸ்டேஷன் பக்கத்துக் கரோக்கி மாடியில் கூடுவோம். நான் முப்பத்தோரு வருடம் சுற்றுலா பஸ்ஸில் கைடாக இருந்தவள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பஸ்ஸே தூங்கும். பயணிகளை எழுப்பிப் பாட வைப்பதுதான் என் வேலை. அதனால் என் பாட்டெல்லாம் அந்த ரகம். ஒரு வரி நான் பாடினால் அடுத்ததற்கு எல்லோரும் "ஹாய்! ஹாய்!" என்று கத்த வேண்டும். அப்புறம் எழுந்து துண்டைச் சுழற்ற வேண்டும். கடைசியில் முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்து மேஜையைச் சுற்றி வர வேண்டும். இதில் ஒருவர் சும்மா இருந்தாலும் பாட்டில் ஓட்டை விழும். மற்றவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

கோஷ்டியில் இன்னொருத்தி கினுயோ. அவள் பாட்டுகள் வேறு மாதிரி. துறைமுகம், தூறல், போடாத கடிதம். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தே பாடுவாள். அந்த நேரத்தில் மற்றவர்கள் குடிக்க ஏதாவது எடுத்துவர எழுந்து போவார்கள். உங்கள் அப்பா மட்டும் அசைய மாட்டார்.

என் முறை வந்தால் அவர் காதுக்குப் பின்னால் சொறிந்துகொள்வார். பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கவனித்தேன், கினுயோவுக்குச் சரியாக விழும் டாம்பரின் என் பாட்டுக்கு மட்டும் அரைத் தாளம் பிந்துகிறது. மற்றவர்கள் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறார்.

சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா. அடுத்த வாரம் பாட்டுக்கு நடுவே அவர் முகத்தைப் பார்த்து, அவர் பெயரையே போட்டு, "குரமோச்சி ஓர் அவிச்ச பூசணிக்காய்" என்று பாடினேன். பழைய தபால்காரர் மொரிஷிதாவுக்குச் சிரிப்பில் மூக்கு வழியாக டீ வந்துவிட்டது. உங்கள் அப்பா தலையை ஆட்டி ரசித்து, அரைத் தாளம் பிந்தி, "ஹாய்!" என்றார்.

படியிறங்கும்போது கேட்டேன். "என் பாட்டு எப்படி இருந்துச்சு?"

"அருமை, ஹத்ஸுமி-சான். உங்க குரல்ல இன்னும் பஸ் ஓடுது!"

எனக்குக் கோபமில்லை. இரண்டு வருடமாக நான் பாடும்போதெல்லாம் ஒருவர் காது மெஷினை அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குச் சங்கடம்.

அந்தப் பேட்டரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துவரம்பருப்பு அளவு, பின்னால் ஒரு ஸ்டிக்கர். அதை உரித்துக் காற்றுப் பட்டுவிட்டால், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் தானாகத் தீர்ந்துவிடும். அவரே ஒருமுறை சொன்னதுதான். அதே கம்பெனிப் பாக்கெட் ஒன்று வாங்கினேன். எல்லா ஸ்டிக்கரையும் உரித்து, இரண்டு மாதம் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்து, பிறகு திரும்ப ஒட்டினேன். பொறுமையாகச் செய்தால் ஒட்டிக்கொள்ளும். அவருடைய கோட்டு என் இருக்கைக்குப் பின்னால்தான் தொங்கும். கினுயோ பாடும்போது பாக்கெட்டை மாற்றினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள், அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் விளையாட்டாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். கினுயோவின் பாட்டுக்கும் அரைத் தாளம் பிந்தட்டும். எல்லோருக்கும் ஒரே நியாயம்.

இரண்டாவது வியாழக்கிழமை, காதில் இருந்த பழைய பேட்டரி தீர்ந்து, டாம்பரின் பிந்தியது. உங்கள் அப்பா அங்கேயே பேட்டரியை மாற்றினார். மறுபடி மாற்றினார். பிறகு, "என் காது போயிடுச்சு போலிருக்கே" என்றார். உங்கள் அம்மா போனபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. காகிதத்தில், "வயசு ஆகுதில்லையா" என்று எழுதிக் காட்டினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

காது டாக்டரிடம் போக வேண்டும் என்றார். நானே போன் செய்தேன். மணி அடித்தது, எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். ஆனால் போன் செய்தேன். "இந்த வயதில் ஒன்றும் செய்வதற்கில்லை, மெஷினைக் கழற்றாமல் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்" என்று எழுதினேன். அதன்பிறகு கடைக்குப் போகும் சிரமமும் அவருக்கு வேண்டாம் என்று பேட்டரியை நானே வாங்கிக் கொடுத்து வந்தேன். நேற்று நீங்கள் ஒசாகாவிலிருந்து கொண்டுவந்ததைப் போட்டதும் கேட்டுவிட்டதாமே. சந்தோஷம்.

அந்த நாலு மாதமும் நான்தான் அவருக்குக் காது. நோட்டும் பேனாவுமாகப் பக்கத்திலேயே இருந்தேன். யார் என்ன சொன்னாலும் எழுதிக் காட்டுவேன். மொரிஷிதாவின் மட்டமான ஜோக்குகளைக் கொஞ்சம் திருத்தி எழுதினேன். அதில் மொரிஷிதாவுக்கு லாபம்தான். என் பாட்டு வந்தால் விரலை உயர்த்துவேன், உங்கள் அப்பா "ஹாய்! ஹாய்!" என்று கத்துவார். பிசகாமல், எல்லோரையும்விடச் சத்தமாக. ஓட்டையே இல்லை. நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

கினுயோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் சொல்கிறபோது அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில், தூர வடக்கே ஹகோதாதேயில் அவளுடைய அக்கா வீடு அவளுக்கு வந்தது. அங்கேயே போய்விடப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அன்று மற்ற இருவரும் கீழே போயிருந்தார்கள். கினுயோ எழுந்து வந்து உங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள்.

"ஹத்ஸுமி, நீயே எழுதிக் குடும்மா."

"என்னன்னு எழுத?"

"அந்த வீட்ல ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம், என்கூட வந்துடறீங்களான்னு கேளு. சிரிக்காதடி."

நான் சிரிக்கவில்லை. எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை இறக்கி நிதானமாகப் படித்தார். அவளைப் பார்த்தார். வயிற்றை இரண்டு கையாலும் தட்டிச் சிரித்தார்.

"ஐயோ, வேண்டாம்மா. போதும் போதும். இந்த வயசுல இனிமே தாங்காது!"

கினுயோவும் சிரித்தாள். யாரையும் சங்கடப்படுத்தாத சுபாவம் அவளுக்கு. "ஆமா, ரெண்டு பேருக்குமே வயசாச்சே" என்றாள். அதை நான் எழுதிக் காட்டவில்லை. அவள் பெயரில் இன்னும் ஒரு பாட்டு வரிசையில் இருந்தது. அது வருவதற்குள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை.

அந்தக் காகிதத்தில் நான் எழுதியது, "இன்னொரு மெலன் சோடா எடுத்துவரட்டுமா என்று கேட்கிறாள்."

நீங்களே யோசித்துப் பாருங்கள், நாகிசா. அவருக்கு உண்மையிலேயே சோடா வேண்டியிருக்கவில்லை. கினுயோவுக்கு அவர் சொன்ன பதிலில் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.