வலது தோளுக்கு மாறிய பட்டை

கம்பளி கலந்த துணியை வெந்நீரில் போடக் கூடாது. வெயிலிலும் காயவைக்கக் கூடாது. நிழலில், கழுத்து கீழே வரும்படி தொங்கவிட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். இருபத்தாறு வருஷமாக வாரிங்கா நீர்க்காகங்கள் அணியின் ஜெர்ஸிகளை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். ஒன்றுகூடச் சுருங்கியதில்லை. இதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஃபெனெக் மேடம். லீக்கின் ஒழுங்கு விசாரணை அதிகாரி என்று உங்கள் அட்டையில் போட்டிருக்கிறது. என் ஒழுங்கும் பதிவில் இருக்கட்டும்.

என் பெயர் க்ளைவ் டன்ஸ்டர். கிளப்பின் உடுப்பறை என் பொறுப்பு. ஜெர்ஸி, காலுறை, பூட்ஸ் ஆணி எல்லாம் என் கை வழியாகத்தான் மைதானத்துக்குப் போகும். இந்த வருஷங்களில் பயிற்சியாளர்கள் ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேரையும் துரத்தினார்கள். என்னை யாரும் துரத்தவில்லை. தோல்விக்குச் சலவை இயந்திரத்தைக் குறை சொல்லும் பழக்கம் ஆஸ்திரேலியக் கால்பந்தான ஃபுட்டியில் இன்னும் வரவில்லை.

எங்கள் ஜெர்ஸி கருநீலம். இடது தோளில் தொடங்கி வலது இடுப்பில் இறங்கும் ஒரே ஒரு மஞ்சள் பட்டை. கடுகுச் சாந்தின் மஞ்சள். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மில்லில் நெய்து, முதுகில் எண்களைத் தைத்துக் கொடுப்பார்கள். சென்ற வருஷம் நிர்வாகம் அந்த மில்லை விட்டுவிட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு கை குலுக்கியது. புது ஜெர்ஸியை அறிமுகப்படுத்த அவர்கள் ஆள் ஒருவர் வந்தார். கண்ணாடிப் பெட்டிமேல் போட்டிருந்த திரையை இழுத்தார். உள்ளே பட்டை வலது தோளில் தொடங்கியது.

"உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி மாட்டிட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. பழைய மாதிரி விட்டா உங்க பட்டை எங்க லோகோ மேல ஏறுது. லோகோ இதயத்துக்கு மேலதான் இருக்கணும். அது எங்க கொள்கை."

எங்கள் பட்டை அந்த இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு வருஷமாக இருந்தது. அவர்கள் லோகோ பதினோரு நிமிஷமாக இருந்தது. ஆனாலும் ஏறியது எங்கள் பட்டைதானாம். மஞ்சளும் எலுமிச்சையாகிவிட்டிருந்தது. எண்களைத் தைக்கவில்லை, பசை வைத்துச் சூட்டில் ஒட்டியிருந்தார்கள். விரலால் தொட்டுப் பார்த்தேன். மருந்துக் கடைப் பிளாஸ்திரி மாதிரி இருந்தது. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

ஊர் சும்மா விடவில்லை. கிரேன் ஓட்டும் கேவ் ஸ்பார்கோவுக்குப் பழைய பட்டை உடம்பிலேயே உண்டு. இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை பச்சை குத்தியிருந்தான். ஒரே வாரத்தில் அவன் உடம்பு காலாவதியாகிவிட்டது. பப்பில் சட்டையைக் கழற்றி எல்லோரிடமும் நியாயம் கேட்டான்.

"கண்ணாடி முன்னால போய் நின்னுக்கோடா மாப்ள, சரியாயிடும்" என்றார்கள்.

ட்ரூடி ஹாக்கிங் இன்னும் தீவிரம். ரசிகர் படைக்கு அவள்தான் தலைவி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் கூட்டம் இரண்டு மாடி உயரத்துக்குக் காகிதப் பதாகை ஒட்டும். ஆட்டக்காரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தால்தான் ஆட்டம் தொடங்கியதாக அர்த்தம். முதல் ஆட்டத்துக்கு, எதிர்ப்பைக் காட்டுவதற்காக, பழைய பட்டையை அதில் பிரம்மாண்டமாக வரைந்து வைத்தாள். நான்கு நாள் வேலை. புது ஜெர்ஸி போட்ட இருபத்திரண்டு பேரும் அதை நட்டநடுவில் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பதாகை எதற்கு என்பது அந்த நான்கு நாளும் ட்ரூடி கூட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"இந்தக் கண்றாவியப் போட்டுக்கிட்டு ஜெயிச்சாலும் அது தோல்விதான், க்ளைவ். எழுதி வச்சுக்கோ" என்றாள் ட்ரூடி, கிழிந்த காகிதத்தை அள்ளிக்கொண்டே.

நான் எழுதி வைத்துக்கொண்டேன். தேதியும் போட்டேன்.

பிறகு ஒரு கெட்ட காரியம் நடந்தது. ஜெயிக்க ஆரம்பித்தோம்.

முப்பத்து நான்கு வருஷமாகக் கோப்பை பார்க்காத அணி மேடம், நாங்கள். வரிசையாக ஒன்பது ஆட்டம் ஜெயித்தால் ஊர் என்ன ஆகும்? மூன்றாவது வெற்றியில் எதிர்ப்பு மனுக்கள் நின்றன. ஆறாவதில் கிளப் கடை வாசலில் வரிசை நின்றது. அந்த வரிசையில் ட்ரூடி நின்றாள், கையில் கறி அடைத்த 'மீட் பை' பலகாரத்தோடு.

"என்ன ட்ரூடி, இங்கே?"

"வாயை மூடு. எலுமிச்சையும் ஒரு மஞ்சள்தானே? பார்க்கப் பார்க்கப் பழகிடுச்சு."

கேவ் வலது தோளிலிருந்து இன்னொரு பட்டையும் குத்திக்கொண்டான். இப்போது அவன் மார்பைப் பார்த்தால், வேண்டாம் என்று யாரோ பெருக்கல் குறி போட்டு ஒதுக்கியது மாதிரி இருக்கும். அவன் ரொம்பச் சந்தோஷமாக இருந்தான்.

என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தோற்கும் அணியின் ஜெர்ஸியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றலாம். கோப்பையைத் தூக்கிய ஜெர்ஸியை ஒருவனும் தொட மாட்டான். அந்தப் புகைப்படம் வரவேற்பறைச் சுவரில் ஏறிவிடும். பிறக்கிற குழந்தைக்கு அந்த எலுமிச்சையில் துணி சுற்றுவார்கள். நூறு வருஷம் கழித்து, பட்டை எப்போதுமே வலது தோளில்தான் இருந்தது என்பார்கள். வாரிங்காவுக்கும் பழைய பட்டைக்கும் நடுவில் அப்போது ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. அணி நன்றாக விளையாடியது.

ப்ரெஸ்காட் டவுனோடு அரையிறுதி. ஜெயித்தால் அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். வியாழக்கிழமை நான் ஜெர்ஸிகளைத் துவைத்தேன். குளிர்ந்த நீர் மட்டும் என்று கழுத்துச் சீட்டில் இருந்தது உண்மை. வெந்நீர் வைத்ததும் உண்மை. ஒரு துணியின் தரத்தை வேறு எப்படிச் சோதிப்பது?

எல்லா ஜெர்ஸியையுமா என்று கேட்கிறீர்கள். இல்லை. பதினெட்டை மட்டும்.

பதினெட்டு மல்வேனியின் எண். வயது முப்பத்து நான்கு. ஊர் கடைசியாகக் கோப்பை பார்த்த வருஷம் பிறந்தவன். இருநூற்றுத் தொண்ணூற்றோரு ஆட்டம் ஆடியும் இறுதி ஆட்டத்தில் கால் வைத்ததில்லை. நல்ல மனிதன். ஆட்டம் முடிந்ததும் ஜெர்ஸியைச் சுருட்டி எறியாமல், மடித்து என் கையில் கொடுக்கிற ஒரே ஆள். ஆட்டத்தன்று காலை அவன் முட்டிக்கு நான்தான் பட்டி சுற்றிவிட்டேன்.

"க்ளைவ் அண்ணே, இந்த வருஷத்தோட இந்த முட்டிக்கு ஓய்வு கொடுத்துடறேன். இன்னும் ரெண்டே ஆட்டம். ரெண்டே ரெண்டு" என்றான். பிறகு, "புது ஜெர்ஸி சூப்பர்ண்ணே, வேர்வையே தங்கறதில்லை" என்றான்.

அவனைக் கோபத்தில் தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் அணியில் எட்டாம் எண் ஓகில்வி. மல்வேனியும் ஓகில்வியும் ஒரே உயரம், ஒரே வைக்கோல் முடி. பின்னாலிருந்து பார்த்தால் அவர்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் எட்டுக்கு முன்னால் நிற்கும் ஒரு ஒன்று.

இடைவேளையில் உடம்பு பிடித்துவிடுவதற்காக ஜெர்ஸிகளைக் கழற்றுவார்கள். பதினெட்டு கசங்கியிருந்தது. நீராவி இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். அந்த ஒன்றின் விளிம்பு லேசாக எழுந்தது. எழுந்து நிற்கிற விளிம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அது தொழில் பழக்கம். நகத்தால் கொஞ்சம் உதவினேன். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில் ஒருவன் மல்வேனியை முதுகோடு கட்டிப் பிடித்து இழுத்தபோது அந்த ஒன்று உதிர்ந்து புல்லில் விழுந்தது. ஒரு கடற்காக்கை அதைக் கொத்திப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனது.

கடைசிப் பகுதி. நாங்கள் தொண்ணூற்று மூன்று, ப்ரெஸ்காட் நாற்பத்தாறு. அரங்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சந்தோஷத்தில் அழுதார்கள்.

இருபத்திரண்டு பேரில் ஒரு நேரத்தில் மைதானத்துக்குள் பதினெட்டுப் பேர்தான் இருக்கலாம். யார் வெளியே வந்தார், யார் உள்ளே போனார் என்பதை எங்கள் பெஞ்சில் ஹோரி பிளன்ட் பார்த்துக்கொள்வான். ஹோரி முகம் பார்க்க மாட்டான், முதுகு பார்ப்பான். அந்த நேரம் ஓகில்வி மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றான். அவன் வெளியே வந்தவுடன் இருபத்து நான்காம் எண்காரனை அனுப்பு என்று மேலே உட்கார்ந்திருந்த பயிற்சியாளரிடமிருந்து உத்தரவு வந்திருந்தது. நான் எல்லைக் கோட்டில் நின்று தண்ணீர் பாட்டிலை உயர்த்திக் காட்டினேன். மல்வேனி ஓடி வந்தான். தாகமாக இருப்பவனுக்குத் தண்ணீர் காட்டுவது குற்றமென்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"எட்டு வந்தாச்சு, கிளம்புடா!" என்று ஹோரி இருபத்து நான்கை உள்ளே தள்ளினான்.

மல்வேனி குடித்து முடித்து, "தேங்க்ஸ்ண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே ஓடினான்.

மைதானத்தில் மற்றவர்கள் ஆட்டக்காரர்களைப் பார்ப்பார்கள். நான் துவைக்க வேண்டியதைப் பார்ப்பேன். பத்தொன்பது இருந்தது.

விதி உங்களுக்கே தெரியும். எதிரணி கேப்டன் கேட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ஆட்களை எண்ண வேண்டும். ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் அந்த அணி அதுவரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் போச்சு. எல்லோருக்கும் தெரிந்த விதி, நடந்து யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தோம். எங்கள் ஆட்களை நடுவில் வரிசையாக நிறுத்தி, நடுவர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். வரிசையின் கடைசியில் மல்வேனி நின்றான். விரல் அவன்மேல் வந்து நின்றபோது முப்பதாயிரம் பேர் இருந்த இடத்தில் கொடிக் கயிறு கம்பத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது. பலகையில் தொண்ணூற்று மூன்று பூஜ்யமானது. பதினோரு நிமிஷம் மீதியிருந்தது. பதின்மூன்று புள்ளி எடுத்தோம்.

உடுப்பறையில் மல்வேனி என் எதிரில் உட்கார்ந்தான். "நான் என்னண்ணே தப்பு பண்ணேன்? தண்ணிதானே குடிச்சேன்?" என்றான். ஜெர்ஸியை மடித்துக் கொடுக்க மறந்துவிட்டான். நானே அவன் தோளிலிருந்து எடுத்தேன்.

திங்கட்கிழமை ஓய்வு அறிவித்தான். இப்போது ஊரில் அவனை யாரும் மல்வேனி என்று கூப்பிடுவதில்லை, பத்தொன்பது என்கிறார்கள். பெட்ரோல் பங்கில்கூட.

கிளப் அந்தக் கம்பெனியை விரட்டியது. பசைதான் காரணம் என்று ஊரே சொன்னது. ட்ரூடி தன் ஜெர்ஸியைப் பெட்டியில் போட்டு அவர்கள் தலைமையகத்துக்கே அனுப்பினாள், கூடவே ஒரு கெட்ட வார்த்தையும். அடுத்த வருஷம் பழைய மில், பழைய மஞ்சள், இடது தோள். கேவ் மட்டும் கொஞ்சம் குழம்பியிருக்கிறான். கம்பெனிக்காரர்கள் பதினெட்டாம் எண் ஜெர்ஸியைப் பரிசோதனைக்கு அனுப்பி, வெந்நீர் பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்திராவிட்டால் நீங்களும் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

மல்வேனிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். மில்லில் சொல்லி, பழைய பட்டையோடு, எண் தைத்து ஒரு ஜெர்ஸி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டான். அளவு சரியாக இல்லையோ என்னவோ.

கடைசிக் கேள்வி. ஹோரிக்குத் தெரியாதது, நடுவருக்குத் தெரியாதது, ப்ரெஸ்காட் கேப்டனுக்கு எப்படித் தெரிந்தது. ஹோரி என்னிடமிருந்து நான்கடி தள்ளித்தான் நின்றான். "ஒருத்தனை வெளியே கூப்பிடுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் அவனைத் தாண்டி, விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் நடந்து, மைதானத்தைப் பாதி சுற்றி, பந்து வெளியே போய் ப்ரெஸ்காட் கேப்டன் எல்லைக்கு வருகிறவரை காத்திருந்தேன்.

"எங்க ஆளுங்களை எண்ணச் சொல்லுப்பா" என்றேன்.

அவன் என் கருநீலக் கோட்டையும் அதில் குத்தியிருந்த இருபத்தாறு வருஷத்துப் பேட்ஜுகளையும் மேலும் கீழும் பார்த்தான்.

"யோவ், நீ யாரு பக்கம்யா?" என்றான்.

"பொறந்ததுல இருந்து வாரிங்கா பக்கம்தான்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, மேடம்.